முள் நேராக நின்றால் போதாது: கார்புரேட்டர் சிங்க்கும் ஐட்லிங்கும்

நான்கு கார்புரேட்டர் உள்ள பைக்கை எப்படிச் சிங்க் செய்வது, அதாவது நான்கும் ஒரே அளவு காற்றை விடும்படி எப்படி வைப்பது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "கேஜை மாட்டு, நாலு முள்ளும் ஒரே இடத்துல நிக்கிற வரைக்கும் ஸ்க்ரூவைத் திருப்பு, அவ்வளவுதான்." (கேஜ் என்பது சிலிண்டரின் உறிஞ்சலை, அதாவது வேக்குவத்தை, அளக்கும் மீட்டர்.) அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த "அவ்வளவுதான்" ஒரு முழு விடுமுறை நாளைத் தின்றுவிடும். நான்கு முள்ளும் நேராக நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, டேங்கை ஏற்றி, எல்லாவற்றையும் முடுக்கி, ஒரு சுற்று போய்விட்டு வந்து நிறுத்தினால் எஞ்சின் பழையபடியே ஏறி இறங்கித் தடுமாறும். அப்போது வரும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கேஜ் மேல் சந்தேகம் வரும், கார்புரேட்டர் மேல் வரும், கடைசியில் தன் கை மேலேயே வரும். வெளியே கொடுத்தாலும் கூலி போனதுதான் மிச்சம் என்று பைக் அதே நிலையில் திரும்பி வருவது உண்டு. காரணம் பல நேரங்களில் மிகச் சின்னது. முள் நேராக நின்றபோது எஞ்சின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரில் எத்தனை இருந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் தானே ஓடும்போது, கார்புரேட்டருக்குள் காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளை ஏறக்குறைய மூடியே இருக்கும். அதன் விளிம்புக்கும் கார்புரேட்டரின் உள்சுவருக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு கார்புரேட்டருக்கும் இன்னொன்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இருந்தாலும், காற்றின் கணக்கில் அது பெரிய விகிதம். இதே எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று) ஓடவிட்டால் எல்லா பட்டர்ஃபிளைகளும் இன்னும் சற்றுத் திறந்திருக்கும். அதே வித்தியாசம் மொத்தத்தில் சிறு பங்காகிவிடும். முட்கள் சமமாகத் தெரியும். பைக்கின் சர்வீஸ் கையேடு சொல்லும் 1200-க்கு இறக்கியதும் மறைந்திருந்த வித்தியாசம் மறுபடி தலைகாட்டும். நான்கு சிலிண்டருக்கும் கிராங்க் ஒன்றுதான் என்பதால் ஒன்று சோம்பினாலும் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு ஓடும். நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கும்போது ஒருவன் சும்மா கை வைத்துக்கொண்டு வந்தாலும் கட்டில் நகரத்தான் செய்யும். மற்ற மூவரின் முதுகுக்குத்தான் தெரியும். பைக்கில் அந்த முதுகுவலி, ஐட்லிங்கில் கிளட்ச் பக்கம் கேட்கும் கடகடப்பாகவும், ஹேண்டில்பாரில் ஏறும் அதிர்வாகவும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் திடீரென்று ஆஃப் ஆவதாகவும் வெளியே வரும்.

கேஜை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையில் அதிகம். எல்லோரும் தாவிக் கடக்கும் பகுதியும் இதுதான். கேஜ் காட்டுவது பட்டர்ஃபிளையின் நிலையை அல்ல, அந்த சிலிண்டர் எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதை. வால்வு சரியாக மூடாவிட்டாலும் முள் இறங்கும், பிளக் சரியாகப் பொறி விடாவிட்டாலும் இறங்கும், ரப்பர் விரிசல் விட்டிருந்தாலும் இறங்கும். அந்த நிலையில் ஸ்க்ரூவைத் திருப்பி முள்ளை நேராக்கினால், நோயுள்ள சிலிண்டருக்கு ஏற்றபடி ஆரோக்கியமான கார்புரேட்டரைக் கெடுத்து வைத்ததாகத்தான் அர்த்தம். அதனால் முதலில் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி), அதுவும் எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு. கிளியரன்ஸ் இறுகிப்போன வால்வு சத்தம் போடாது என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சத்தம் போடும் வால்வைவிட அமைதியாக இருக்கும் வால்வைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அடுத்தது பிளக், பிளக் கேப், ஏர் ஃபில்டர். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து நான்கு சைலன்சர் பெண்ட் பைப்களிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்றில் சுர்ரென்று ஆவியாகி ஒன்றில் மட்டும் வழிந்து ஓடினால், அந்த சிலிண்டர் ஐட்லிங்கில் எரியவே இல்லை. இது சிங்க் பிரச்சினை அல்ல. பெரும்பாலும் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் அடைப்புதான். அதன் துளை ஊசிமுனை அளவு என்பதால், பைக் சில மாதங்கள் ஓடாமல் நின்றிருந்தாலே பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்துவிடும். ஸ்ப்ரே அடித்தால் மட்டும் போதாது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அதற்குள் கம்பியைக் குத்திப் பெரிதாக்கிவிடாதீர்கள்; செம்பு நூலிழைக்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஏர் லீக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக நேரத்தை விழுங்குவது அதுதான். கார்புரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும், கீழ்ப்பக்கத்தில் வெடித்திருக்கும். ரப்பர் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள ஓ ரிங் தட்டையாகி இறுகிப்போயிருக்கும். கேஜ் மாட்டும் குழாய்முனையான வேக்குவம் நிப்பிளை மூடும் சின்ன ரப்பர் மூடி நுனியில் பிளந்திருக்கும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது இந்த இடங்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்தால், லீக் உள்ள இடத்தில் ஓட்டம் ஒரு கணம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் தெளிவாகக் காட்டும்தான். ஆனால் சூடான பெண்ட் பைப்புக்கு மேல் தீப்பற்றும் திரவத்தை அடிப்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. தண்ணீரே போதும், கொஞ்சம் பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குக் கைப்பிடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். கேபிள் இறுகியிருந்தால் பட்டர்ஃபிளை ஐட்லிங் ஸ்க்ரூவின் மேல் உட்காராமல் கேபிளில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்பும்போது ஐட்லிங் ஏறினால் இதுதான் காரணம். சோக் கேபிளும் அப்படியே. சோக் ஒன்று முழுதாக மூடாமல் நின்றால் அந்த சிலிண்டருக்கு மட்டும் கூடுதல் பெட்ரோலும் காற்றும் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு திருப்பினாலும் கணக்கு வராது.

கார்புரேட்டர்களைச் சுத்தம் செய்யக் கழற்றியிருந்தால், திரும்ப மாட்டுவதற்கு முன் மேசையிலேயே ஒரு முதல்கட்ட சிங்க் செய்துவிட வேண்டும். இதைத் தாண்டிப் போனால் பைக்கில் மாட்டிய பிறகு எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கவே நிற்காது, நிற்காத எஞ்சினில் கேஜ் வைத்துப் பயனில்லை. ஐட்லிங் நாபை (ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பும் பிடி) சுற்றி, அடிப்படைக் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை விளிம்பு, உள்சுவரில் தெரியும், பெட்ரோல் வரும் நுண்ணிய பைபாஸ் துளைகளில் முதலாவதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். அடிப்படைக் கார்புரேட்டர் என்பது, கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று சமப்படுத்தும் சிங்க் ஸ்க்ரூவால் நகராத ஒன்று. ஐட்லிங் நாப் மட்டுமே அதை நகர்த்தும். எது என்று பைக்குக்குப் பைக் மாறும் என்பதால் நாபைச் சுற்றி, பட்டர்ஃபிளைகளை இணைக்கும் லிங்கேஜைக் கவனித்தே கண்டுபிடித்துக்கொள்ளலாம். பிறகு மற்ற மூன்றையும் அவற்றின் சிங்க் ஸ்க்ரூவால் அதே நிலைக்குக் கொண்டுவரவும். பின்னால் டார்ச் வைத்து விளிம்பில் கசியும் ஒளிக்கீற்றை ஒப்பிடலாம், அல்லது மெல்லிய கம்பி ஒன்றை நான்கிலும் விளிம்புக்கடியில் நுழைத்து ஒரே இறுக்கம் வருகிறதா என்று பார்க்கலாம். கம்பியின் தடிமன் முக்கியமல்ல, நான்குக்கும் ஒரே கம்பி என்பதே முக்கியம்.

இனி கேஜ். முள் வைத்த நான்கு டயல்கள், எஃகுக் கம்பிகள் ஏறி இறங்கும் மார்கன் கார்ப்ட்யூன், நீலத் திரவம் கொண்ட மோஷன் புரோ, இரண்டு கார்புரேட்டருக்கான மின்னணு ட்வின்மேக்ஸ் என்று பல வகை. எதை வாங்கினாலும் முதல் வேலை, அதை நம்பாமல் சோதிப்பது. ஒரே நிப்பிளில் நான்கு டயல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, அதே ஐட்லிங்கில் ஒவ்வொன்றும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த டயல்களில் ஒன்று மற்றொன்றிலிருந்து விலகுவது சகஜம். எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிட்டால் அதைக் கழித்துப் படிக்கலாம். தெரியாவிட்டால் கேஜின் பிழையைக் கார்புரேட்டருக்குள் ஏற்றிவைத்து விடுவீர்கள். இந்த ஒரு வரியை முன்னாலேயே யாராவது காதில் போட்டிருந்தால் பலருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்குப் பலகையில் யு வடிவில் கட்டிய ஒளி ஊடுருவும் ட்யூபும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் போதும். இரு முனைகளையும் இரண்டு நிப்பிள்களில் மாட்டினால், அதிகம் உறிஞ்சும் பக்கம் ஆயில் ஏறும். துல்லியத்தில் இது எந்த டயலையும் தோற்கடிக்கும். கணக்குப் பார்த்தால் புரியும். கவாசாகி கையேடுகள் பலவற்றில் சிலிண்டர்களுக்கு இடையே அனுமதிக்கும் வித்தியாசம் 2.7 கிலோபாஸ்கல், அதாவது 2 சென்டிமீட்டர் பாதரசம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆயிலோ தண்ணீரைவிட இலேசு. அதனால் அந்த 2 சென்டிமீட்டர், ஆயில் ட்யூபில் 31 சென்டிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும். ஆயில் மட்டம் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏறி இறங்கி ஆடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது கையேட்டின் எல்லைக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கிறது. ஆனால் இதே குணம்தான் ஆபத்தும். வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ ஒரு பக்க ட்யூப் கழன்றாலோ, கண் இமைப்பதற்குள் ஆயில் முழுவதையும் எஞ்சின் குடித்துவிடும். டூ ஸ்ட்ரோக் ஆயிலாக இருந்தால் வெள்ளைப் புகையோடு போகும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், பாதரசம் விஷம். இரண்டையும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. யு-வின் ஒவ்வொரு கையும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், இரு பக்கமும் எஞ்சினுக்கும் ஆயிலுக்கும் நடுவே தடித்த சுவருள்ள காலி பாட்டில் ஒன்று இருந்தால் ஆயில் அதில் தங்கிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் வேக்குவத்தில் சுருங்கிவிடும். முள்ளோ ஆயிலோ சிலிண்டரின் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் துள்ளாமல் இருக்க எல்லா ட்யூபுகளிலும் ஒரே அளவுத் துளையுள்ள அடைப்பு வேண்டும். பழைய சின்ன ஜெட்களைச் செருகினால் சரியாக இருக்கும். அளவுக்கு மீறி அடைத்தால் முள் செத்துப்போய் எதையும் காட்டாது. இலேசான நடுக்கம் இருக்கவே வேண்டும்.

மாட்டும்போது இரண்டு விஷயங்கள் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று, வேக்குவத்தால் திறக்கும் பெட்ரோல் டேப். அதன் ட்யூப் ஏதாவது ஒரு சிலிண்டரின் நிப்பிளில்தான் இருக்கும். அதைக் கழற்றிக் கேஜை மாட்டினால் டேப் மூடிக்கொள்ளும், ஐந்து நிமிடத்தில் கார்புரேட்டர்களின் பெட்ரோல் கிண்ணங்கள் காலியாகி எஞ்சின் ஒவ்வொரு சிலிண்டராக மெலியும். அந்த நேரத்து முள்ளை நம்பித் திருப்பியதெல்லாம் வீண். டேப்பை, வேக்குவம் இல்லாமலே பெட்ரோல் விடும் பிரைம் நிலையில் வைக்கலாம். அதைவிட டேங்கைக் கழற்றிவிட்டு அரை லிட்டர் பாட்டிலை உயரத் தொங்கவிடுவது நல்லது, ஸ்க்ரூவும் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, நிப்பிளுக்குப் பதிலாக சில எஞ்சின்களில் எம்5 அல்லது எம்6 ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றி அடாப்டர் மாட்ட வேண்டும். அலுமினியத்தில் இருக்கும் மரை அது, கையால் மூன்று சுற்று போன பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். வருடக்கணக்கில் கரி படிந்து துளை அடைத்திருந்தால் முள் சோம்பலாகப் பொய் சொல்லும் என்பதால் மெல்லிய கம்பியால் ஒருமுறை துழாவிவிடுவதும் நல்லது. ஏர் பாக்ஸும் ஃபில்டரும் அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும்.

இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். பைக் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முன்னால் ஒரு பெரிய ஃபேன் கட்டாயம். காற்றில் குளிரும் எஞ்சின் நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் அளவுக்கு மீறிச் சூடாகும், சூடு ஏற ஏற ஐட்லிங் தானே நகரும். பிறகு நீங்கள் ஸ்க்ரூவைத் துரத்துகிறீர்களா, சூட்டைத் துரத்துகிறீர்களா என்று தெரியாது. வெறும் ஐட்லிங்கில் சூடேற்றுவதைவிட ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து தொடங்குவது மேல். நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டால், மறுபடி தொடங்கும்போது அதே சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே முள்ளைப் பாருங்கள். பைக்கின் டாக்கோமீட்டர் ஐட்லிங்கில் 100 வரை தவறாகக் காட்டலாம். பிளக் ஒயரில் மாட்டும் சின்ன டாக்கோமீட்டர் இருந்தால் துல்லியம், ஆனால் நான்கு சிலிண்டர் பைக்குகள் பலவற்றில் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பொறி விடும், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அல்ல. கருவியின் செட்டிங்கை அதற்கேற்ப மாற்றாவிட்டால் 1200 என்பது 2400 என்று தெரியும்.

இப்போது வேலை. முதலில் ஐட்லிங் நாபால் கையேட்டு எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர்களுக்கு அது 1000-க்கும் 1300-க்கும் நடுவில். வழக்கமான வரிசை 1-ம் 2-ம் சிலிண்டர்கள், பிறகு 3-ம் 4-ம், கடைசியாக நடு ஸ்க்ரூவால் இந்த ஜோடியையும் அந்த ஜோடியையும். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கலைத்துக்கொண்டே இருப்பீர்கள். யு ட்யூப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும்: முதலில் 1-2, பிறகு 3-4, பிறகு 2-3, மாட்டாத நிப்பிள்கள் மூடியிருக்க வேண்டும். திருப்புவது எட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருப்பியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுங்கள். அதன் அழுத்தமே லிங்கேஜை அசைத்து முள்ளை நகர்த்தும். பிறகு ஆக்ஸிலரேட்டரை 3000 வரை ஒருமுறை முறுக்கி விடுங்கள், ஸ்பிரிங்குகள் தங்கள் இடத்தில் உட்காரும். ஐந்தாறு விநாடி பொறுத்து, நாபால் மறுபடி கையேட்டு எண்ணுக்கு இறக்கி, அதன் பிறகே முள்ளைப் படியுங்கள்.

அந்தக் கடைசிப் படியில்தான் எல்லாம் இருக்கிறது. முதல்முறை செய்பவரை மிரள வைப்பது இது: 1-ஐத் திருப்பினேன், நான்கு முள்ளும் நகர்கிறதே! பயப்பட ஒன்றுமில்லை. சோம்பியிருந்த சிலிண்டர் வேலை செய்யத் தொடங்கியதும் எஞ்சின் வேகம் கூடுகிறது. அதே திறப்பில் வேகம் கூடினால் எல்லா சிலிண்டரும் அதிகமாக உறிஞ்சும், எல்லா முள்ளும் ஏறும். 1150-ல் படித்த முள்ளையும் 1400-ல் படித்த முள்ளையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இதைக் கவனிக்காமல் போனால், ஒவ்வொரு திருத்தமும் ஐட்லிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் 1800-ல் அழகான நேர்க்கோடு கிடைக்கும். நாபை இறக்கியதும் அது கலையும். அதனால்தான் ஒரு கை ஸ்க்ரூ டிரைவரில் என்றால் மறு கை நாபிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். சிங்க் நெருங்க நெருங்க நாபை வெளியே சுற்றிக்கொண்டே வருவீர்கள். வேலை சரியான திசையில் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். வேக்குவம் அதிகம் காட்டினால் அந்த பட்டர்ஃபிளை மற்றவற்றைவிட மூடியிருக்கிறது. குறைவாகக் காட்டினால் அதிகம் திறந்திருக்கிறது. ஐட்லிங்கில் 18 முதல் 25 சென்டிமீட்டர் பாதரசம் என்பது பல நான்கு சிலிண்டர்களில் காணக்கூடிய அளவு. நான்கும் சமமாக இருப்பதுதான் வேண்டும், எண் எது என்பது இரண்டாம்பட்சம். ஒரு முள் மட்டும் தாழ்ந்தே கிடந்து, அந்த பட்டர்ஃபிளையை மூட மூட ஓட்டம் மோசமானால், திருப்புவதை அங்கேயே நிறுத்துங்கள். அது வால்வோ லீக்கோ ஜெட்டோ, ஸ்க்ரூவால் தீராது. சமம் வந்ததும் லாக் நட் உள்ள மாடல்களில் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கி, மறுபடி முள்ளைப் பாருங்கள். நட் முடுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடுவது மிக வழக்கம். கடைசி அரை சென்டிமீட்டருக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதை நான் வேண்டாம் என்பேன்; கையேட்டு எல்லையில் பாதிக்குள் வந்தால் கை வைத்ததை எடுத்துவிடலாம்.

கையேட்டு எண்ணில் சமம் வந்த பிறகு 2500, 3000 என்று மெதுவாக ஏற்றிப் பாருங்கள். முட்கள் ஒன்றாகவே நகர வேண்டும். ஐட்லிங்கில் சமமாக இருந்து மேலே போகும்போது ஒன்று மட்டும் பிரிந்தால், பட்டர்ஃபிளை ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம், லிங்கேஜ் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கலாம், அல்லது மெல்லிய ரப்பராலான வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். எல்லா எஞ்சினும் ஐட்லிங்கிலேயே சிங்க் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய சுசுகி ஜிஎஸ் நான்கு சிலிண்டர்களின் கையேடு 1500 முதல் 2000 வரையான வேகத்தில் பார்க்கச் சொல்லும். அப்படி எழுதியிருந்தால் அதன்படியே செய்து, பிறகு ஐட்லிங்குக்கு இறக்கி உறுதிசெய்துகொள்ளுங்கள். கவாசாகி நிஞ்ஜா 250 போன்ற இரட்டை கார்புரேட்டரில் ஸ்க்ரூ ஒன்றே ஒன்று, ஐட்லிங் 1300, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 50. அரை மணி நேர வேலை. பிஎம்டபிள்யூவின் பழைய பாக்ஸர்களில் (இரண்டு சிலிண்டரும் எதிரெதிர்ப் பக்கம் நீட்டியிருக்கும் எஞ்சின்) இரண்டு பிங் கார்புரேட்டருக்கும் தனித்தனி கேபிள், தனித்தனி ஐட்லிங் ஸ்க்ரூ. அங்கே இரண்டு வேலை: கேபிள்களில் தளர்வு விட்டு ஐட்லிங் ஸ்க்ரூக்களால் முதலில் ஒரு சமம், பிறகு ஐட்லிங்குக்குச் சற்று மேலே வைத்துக் கேபிள் அட்ஜஸ்டரால் இன்னொரு சமம். வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை சிங்குக்கு முன்னால் கையேட்டு நிலையில் வைத்துவிட்டு, நுணுக்கமாகத் திருத்துவதைச் சிங்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், வெளியே திருப்பினால் கலவையில் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றை, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். ஒவ்வொரு சிலிண்டராக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, எங்கே ஓட்டம் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, நாபை இறக்குங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுதாக மூடியும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லை என்றால் ஐட்லிங் நாப் அதிகமாகத் திறந்திருக்கிறது என்று பொருள்: பட்டர்ஃபிளை பைபாஸ் துளைகளைத் தாண்டிப்போய், பெட்ரோல் அந்த வழியாக வந்துகொண்டிருக்கிறது. முறுக்கிவிட்ட பிறகு ஆர்பிஎம் உயரத்திலேயே தொங்கி மெதுவாக இறங்குவதும் பெரும்பாலும் இதனாலோ, மெலிந்த கலவையாலோ, ஏர் லீக்காலோதான். கையேட்டு எண்ணுக்குக் கீழே விழுந்து பிறகு ஏறினால் கலவையில் பெட்ரோல் அதிகம். மிக்ஸ்சரைத் தொட்ட பிறகு முட்களை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், சிறிதளவு நகர்ந்திருக்கும்.

முடிக்கும்போது நிப்பிள் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா, பெட்ரோல் டேப்பின் வேக்குவம் ட்யூப் அதன் இடத்துக்குப் போனதா என்று பாருங்கள். ஒரு மூடி விடுபட்டால் அன்றைய வேலை அவ்வளவும் அந்த ஒரு துளை வழியே போய்விடும். டேப்பை பிரைமிலிருந்து ஆனுக்கு மாற்ற மறக்காதீர்கள்; கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் வால்வு கொஞ்சம் தேய்ந்திருந்தால் இரவெல்லாம் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும். மறுநாள் காலை ஆயிலை முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்வது தப்பில்லை. குளிர்ந்த எஞ்சினில் ஐட்லிங் கொஞ்சம் தாழ்ந்து நிற்பது இயல்பு, அதைப் பார்த்து நாபை ஏற்றாதீர்கள். நன்றாக ஓட்டிச் சூடான பிறகு எண் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, கால் சுற்று தேவைப்பட்டால் அப்போது திருப்பிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அடுத்த முறை வால்வு கிளியரன்ஸ் பார்க்கும்வரை கேஜை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.